யூதவியலும் யூத வெறுப்பு ஆய்வும்: ஒரு தமிழ் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: வரலாற்றில் எம்.ஏ. முடித்தாயிற்று, நெட் தேர்விலும் தேறியாயிற்று. யூதர்களின் வரலாறு, யூத வெறுப்பு பற்றிய ஆராய்ச்சி, இந்த இரண்டில் ஒன்றை வெளிநாட்டில் படிக்க ஆசை. யூதர் அல்லாத, ஹீப்ரு தெரியாத ஒருவருக்கு அங்கே இடம் உண்டா? எந்தப் பல்கலைக்கழகம், பணத்துக்கு என்ன வழி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

இடம் உண்டு. யூதர் அல்லாதவர் என்பது தடையே இல்லை. ஜெர்மனியில் யூதவியல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாதவர்கள்தான். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பார்க்ஸ் நிறுவனம் ஜேம்ஸ் பார்க்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிறிஸ்தவ சபையின் போதனைக்கும் யூத வெறுப்புக்கும் உள்ள உறவை 1930களிலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். அவர் சேர்த்த நூலகம் 1964இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, அதைச் சுற்றித்தான் அங்கே துறையே வளர்ந்தது. யூத மதகுருக்களான ரபிகளை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிகளை மட்டும் விட்டுவிடுங்கள், அது வேறு பாதை.

ஹீப்ரு தெரியாது என்பதுதான் உண்மையான தடை. நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது எந்தப் பல்கலைக்கழகம் என்று அல்ல, எந்த மொழி என்று. பல்கலைக்கழகப் பட்டியலைக் கூகுள் கொடுத்துவிடும். மொழிதான் உங்கள் ஆய்வுத் தலைப்பு, நெறியாளர், நாடு, உதவித்தொகை எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது துறையின் பிறப்பைப் பார்த்தால் புரியும். 1819இல் பெர்லினில் சில இளம் யூத அறிஞர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே கூடப் பின்னால் அதில் சேர்ந்தார். யூத நூல்களை, கிரேக்க லத்தீன் நூல்களைப் படிப்பதுபோல, மொழியியல் கண்ணோடும் வரலாற்றுக் கண்ணோடும் படிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களில் முக்கியமானவர் லியோபோல்ட் சுன்ஸ். 1848இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். அதனால் துறை பல்கலைக்கழகத்துக்கு வெளியே வளர்ந்தது. 1854இல், இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவில் ஒரு கல்லூரி, 1872இல் பெர்லினில் இன்னொன்று. பெர்லின் கல்லூரியை நாஜிகள் 1942இல் மூடும்வரை அங்கே பாடம் நடந்தது. இதற்கிடையே 1925இல் ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதே வருடம், இன்று லிதுவேனியாவில் உள்ள வில்னா நகரில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியின் ஆய்வுக்காக யிவோ நிறுவனம் தொடங்கி, 1940இல் நியூயார்க்குக்கு இடம் மாறியது. அமெரிக்காவில் ஹார்வர்டில் ஹாரி வுல்ஃப்சன், கொலம்பியாவில் 1930இலிருந்து சாலோ பாரோன் என்று தனிப் பேராசிரியர் பதவிகள் வந்தன. ஆக, சுவடியும் மொழியும்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம். இன்றும் ஒரு நல்ல யூதவியல் துறையில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால், ஆர்வத்தைப் பற்றி எழுதிய பக்கத்தை விட மொழிச் சான்றிதழைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

யூத வெறுப்பு ஆய்வின் கதை வேறு. இது ஆவணச் சேகரிப்பில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து தப்பிய ஆல்ஃபிரட் வீனர் 1933இல் ஆம்ஸ்டர்டாமில் நாஜிப் பிரசுரங்களையும் சாட்சியங்களையும் திரட்ட ஆரம்பித்தார். 1939இல் லண்டனுக்கு வந்த அந்தத் தொகுப்புதான் இன்றைய வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம். ஹோலோகாஸ்ட் என்பது நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை. பல்கலைக்கழக மையங்கள் தாமதமாகத்தான் வந்தன. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பு ஆய்வு மையம் 1982இல் தொடங்கியது. ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் விடால் சாசூன் மையமும் அதே வருடம்தான். சிகையலங்காரத்தில் உலகப் புகழ் பெற்ற அதே சாசூன்தான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் 2010இல் ஒரு நிறுவனம் வந்தது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது. 2023க்குப் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம் உட்படச் சில இடங்களில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: இந்த மையங்களில் பெரும்பாலானவை நேரடியாகப் பட்டம் தருவதில்லை. அங்கே இருப்பவர்கள் வரலாற்றாளர்கள், சமூகவியலாளர்கள், உளவியலாளர்கள், மொழியியலாளர்கள். நீங்கள் வரலாற்றுத் துறையிலோ சமூகவியல் துறையிலோ சேர்ந்து, அந்த மையத்தோடு இணைந்து வேலை செய்வீர்கள். பெர்லின் மையம் இதில் விதிவிலக்கு. அங்கே யூத வெறுப்பு ஆய்வுக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது, ஆனால் பாடமொழி ஜெர்மன். வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்கிற அளவுக்கு ஜெர்மன் வேண்டும், ஏ2 என்ற தொடக்கநிலைச் சான்றிதழோடு போய் நிற்க முடியாது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக ஏறத்தாழ 12,000 யூரோவை மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 'இலவசக் கல்வி' என்று விளம்பரம் செய்கிற ஏஜென்சிகள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். ஜெர்மன் கற்கச் சென்னையில் கோதே நிறுவனம் இருக்கிறது. பி2 நிலையைத் தாண்டுவதற்குள் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அங்கே விடாமல் இருந்தாலே போட்டி பாதியாகக் குறைந்துவிடும். பெர்லினைத் தவிர ஹைடல்பெர்கில் 1979இல் தொடங்கிய யூதவியல் கல்லூரியும், பாட்ஸ்டாம் பல்கலைக்கழகமும் நல்ல இடங்கள்.

ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு வருட யூதவியல் முதுகலை, லண்டன் யுசிஎல்லின் ஹீப்ரு மற்றும் யூதவியல் துறை, சவுத்தாம்ப்டன், வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஹோலோகாஸ்ட் ஆய்வு முதுகலை ஆகியவை இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஃபீலிக்ஸ் உதவித்தொகை இந்தியர்களுக்கு உண்டு. இங்கிலாந்து முழுவதற்கும் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை உண்டு, ஆனால் அதற்கு வேலை அனுபவம் கேட்பார்கள். இஸ்ரேலில் படிக்க இஸ்ரேல் அரசே இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்துவந்திருக்கிறது. போர்ச் சூழலில் பயணமும் படிப்பும் எந்த நேரத்திலும் தடைபடலாம், வீட்டில் எல்லோரும் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் முதுகலைக்குப் பணம் கட்டிப் போகாதீர்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு நேரடியாக விண்ணப்பித்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்களே தருவார்கள். கொலம்பியா, பென்சில்வேனியா, நியூயார்க் பல்கலைக்கழகம், பிராண்டைஸ், மிச்சிகன் போன்றவை இந்தத் துறையில் வலுவானவை. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி வந்திருக்கிறது. நீங்கள் ஆராயப்போகும் பொருளை நினைத்தால் அது சாதாரண விதி இல்லை.

பிஎச்.டி. தொடங்கிய பிறகுதான் திறக்கும் கதவுகள் நிறைய. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் ஃபெலோஷிப், நாஜிகளால் பாதிக்கப்பட்ட யூதர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பு தரும் சால் காகன் ஃபெலோஷிப், ஜெர்மன்மொழி யூத வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு லியோ பெக் ஃபெலோஷிப், ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் சில வாரங்கள் தங்கிப் பார்க்கக் கோனி கிறிஸ்டெல் ஃபெலோஷிப். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவின் காட்ஸ் மையம் வருடத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்களைக் கூட்டுகிறது. இதையெல்லாம் இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். தலைப்பு அமைந்துவிட்டால் எது பொருந்தும் என்று நெறியாளரே சொல்லிவிடுவார்.

நம் பக்கத்திலிருந்து ஒரு கண்ணியைச் சொல்லிவிட வேண்டும். இந்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கானது, பெரிய தொகை. ஆனால் 2022இல் வந்த விதிமுறையில் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அது கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். கொச்சி யூதர்களைப் பற்றி என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். விண்ணப்பிக்கும் வருடத்தின் விதிமுறையை வரி வரியாகப் படியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டம் தனியாக இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அரசியலைத் தொடாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. யூத வெறுப்பு என்றால் எது என்பதிலேயே துறைக்குள் பெரிய சண்டை நடக்கிறது. சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற வரையறையைப் பல அரசுகள் பின்பற்றுகின்றன. அதில் இருக்கும் உதாரணங்கள் இஸ்ரேல் மீதான விமர்சனத்தையும் முடக்கப் பயன்படுகின்றன என்று சொல்லி, 2021இல் இன்னொரு ஆய்வாளர் குழு ஜெருசலேம் பிரகடனத்தை வெளியிட்டது. இரண்டு பக்கமும் பேர்பெற்ற அறிஞர்கள் இருக்கிறார்கள். இது தாளோடு நிற்கிற சண்டை இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய ஒரு யூத வெறுப்பு ஆய்வுத் திட்டம், அது ஆய்வா அரசியல் செயல்பாடா என்ற விவாதத்துக்கு நடுவே 2011இல் மூடப்பட்டு, அதே வருடம் வேறு பெயரில் வேறு திட்டம் வந்தது. பீட்டர் ஷேஃபர் தால்முட் என்ற யூத மதச் சட்ட விளக்கத் தொகுப்பில் உலக அளவில் மதிக்கப்படும் அறிஞர், யூதர் அல்லாதவர். பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த அவர், இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்துக்கு எதிரான ஜெர்மன் நாடாளுமன்றத் தீர்மானத்தை விமர்சித்த அறிஞர்களின் செய்தியை அருங்காட்சியகத்தின் ட்விட்டர் கணக்கு பகிர்ந்ததால் எழுந்த எதிர்ப்பில் 2019இல் பதவி விலகினார். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு, யூத மாணவர்களைக் காக்கத் தவறியதாகச் சொல்லி, கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியது.

அதனால் ஒரு மையத்துக்கு எழுதும் முன் யார் நிதி தருகிறார்கள், எந்த வரையறையைப் பின்பற்றுகிறார்கள், அங்கிருந்து வருவது ஆய்வுக் கட்டுரைகளா அல்லது அறிக்கைகளும் மனுக்களுமா என்று பாருங்கள். கோடைக்காலப் பயிலரங்குகளில் விமானச் செலவு உட்பட எல்லாம் தருகிறவை உண்டு. போவதில் தவறில்லை. ஆனால் அது எந்தப் பக்கத்துக் கூடாரம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். காசாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று அங்கேயும் கேட்பார்கள், ஊரிலும் கேட்பார்கள். கருத்து இருக்கலாம். அது ஆய்வின் முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டால் உங்கள் நெறியாளர் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, உங்களுக்கு என்ன தலைப்பு பொருந்தும்? ஐரோப்பிய யூத வரலாற்றில் ஜெர்மானியரோடும் இஸ்ரேலியரோடும் போட்டி போட்டால் அவர்கள் சிறுவயதிலிருந்து பேசும் மொழியை நீங்கள் முப்பது வயதில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பீர்கள். தமிழ் தெரிந்தவருக்கு அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது.

கி.பி. 849இல் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு அளிக்கப்பட்ட செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாசனம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபு கூஃபி எழுத்திலும், பழைய பாரசீகமான பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும். அதில் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு வருகிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளோடு வழங்கிய கொச்சிச் செப்பேட்டிலும் அதே அஞ்சுவண்ணம். இந்த இரண்டின் மொழியையும், கல்வெட்டுத் தமிழ் படித்த ஒருவர் கொஞ்சம் பயிற்சி எடுத்தால் வாசித்துவிடலாம். ஹீப்ருவும் யூத அரபும், அதாவது ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபும், தெரிந்த மேற்கத்திய ஆய்வாளர் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பை நம்பித்தான் ஆக வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் படித்தவர்கள் யூத அரபும் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதே கடலின் மறுகரையில் கெய்ரோ கெனிஸா இருக்கிறது. பழைய கெய்ரோவின் ஒரு யூதத் தொழுகைக் கூடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த காகிதக் குவியல். 1896இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய், கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது மட்டும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். அதில் மலபார்க் கரை வணிகர்களின் கடிதங்கள் இருக்கின்றன: மிளகு, இரும்பு, வெண்கலப் பாத்திரம், பாக்கி வைத்த கணக்கு. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்கள் அங்கிருந்துதான் கிடைத்தன. வரலாற்றாளர் ஷ்லோமோ கொய்ட்டைன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் குவியலுக்குக் கொடுத்தார். பிரின்ஸ்டனின் கெனிஸாத் திட்டம் ஆயிரக்கணக்கான ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. யூத அரபு உட்பட அருகிவரும் யூத மொழிகளை ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பள்ளி 2021 முதல் இணையவழியில் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. வீட்டில் இருந்தபடியே தொடங்கலாம்.

சென்னையையும் மறக்காதீர்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துகீசிய வழிவந்த யூத வணிகர்கள் லண்டனிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார்கள். பவளத்தையும் வெள்ளியையும் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். ஜெய்மி பைவா என்ற வைர வணிகர் 1687இல் இங்கேயே இறந்து புதைக்கப்பட்டார். 1688இல் மதராஸ் மாநகராட்சி உருவானபோது அதன் உறுப்பினர்களில் யூதர்களும் இருந்தார்கள். கோட்டை ஆவணங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தத் தலைப்புக்கு ஹீப்ருவை விட போர்த்துகீசியம் அதிகம் உதவும்.

யூத வெறுப்பு ஆய்வுப் பக்கம் போக விரும்பினால், யூதர்களே கண்ணில் படாத ஒரு சமூகத்தில் அந்த வெறுப்பின் கதைகள் எப்படி உலவுகின்றன என்பது எனக்கு மிகவும் சுவாரசியமான கேள்வி. நம் புத்தகக் கண்காட்சியில் ஹிட்லர் வாழ்க்கை வரலாறு தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'சீயோன் மூத்தோர் நெறிமுறைகள்' என்ற ரஷ்யப் போலி ஆவணம் 1903இல் அச்சானது, 1921இலேயே லண்டன் டைம்ஸ் அதைத் திருட்டு எழுத்து என்று நிரூபித்துவிட்டது. அதன் சாயல் இன்றைக்குத் தமிழ் யூடியூபின் இலுமினாட்டி வீடியோக்களில் வருகிறது, பேசுகிறவருக்கே மூலம் தெரியாது. எதிர்த் திசையில், ஈழப் பேச்சில் 'யூதர்களைப் போல நாமும்' என்ற ஒப்பீடும் நீண்ட நாளாக இருக்கிறது. வியப்பும் வெறுப்பும் ஒரே கற்பனையிலிருந்து வருகின்றனவா என்று ஒரு நல்ல ஆய்வேடு கேட்கலாம். இணையக் கருத்துகளில் யூத வெறுப்பை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் ஆராய்ந்த ஒரு பெரிய திட்டம் பெர்லின் மையத்தில் நடந்தது. அதன் முறையைப் படித்துவிட்டு, தமிழுக்கு அது எங்கே பொருந்தாது என்று ஒரு பக்கம் எழுத முடிந்தால் அதுவே உங்கள் ஆய்வு முன்மொழிவின் முதல் வரைவு.

இந்தியாவுக்குள் வழிகாட்டக்கூடியவர்கள் குறைவு, ஆனால் உண்டு. இந்தியா-இஸ்ரேல் உறவையும் காந்தியின் யூதர் பற்றிய நிலைப்பாட்டையும் பற்றி எழுதிய பி. ஆர். குமாரசாமி தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கொல்கத்தா பிரசிடென்சி பல்கலைக்கழகத்தில் நவ்ராஸ் ஆஃப்ரீதி தெற்காசியச் சூழலில் யூத வெறுப்பை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். இவர்கள் எழுதியதைப் படிக்காமல் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போடாதீர்கள்.

வேலை. இதில் மட்டும் இனிப்பாகப் பேச மனமில்லை. யூதவியல் பேராசிரியர் பதவிகளில் பல, நன்கொடையாளர்கள் பணத்தில் நடப்பவை. உலகம் முழுவதும் சேர்த்தாலும் வருடத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் நிரந்தர இடங்கள் வரும். இந்தியா திரும்பினால், நெட் பட்டியலில் யூதவியல் என்ற பாடமே இல்லை. பட்டச் சான்றிதழில் 'யூதவியல்' என்று மட்டும் இருந்தால், தேர்வுக் குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது எந்தத் துறைக்குச் சமம் என்று கேட்பார். ஆகவே பிஎச்.டி.யை வரலாறு, சமூகவியல், மொழியியல் என்ற பெயரில் வாங்குங்கள், உள்ளடக்கம் யூதவியலாக இருக்கட்டும். உங்களிடம் வரலாற்று நெட் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நினைவிடக் கல்வி, வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்கும் அமைப்புகள் ஆகியவற்றிலும் வேலை உண்டு. ஆனால் அவை அந்தந்த நாட்டு மொழியும் வேலை அனுமதியும் உள்ளவர்களுக்குத்தான் எளிது.

இனி இந்த வருடம் என்ன செய்வது? ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரு மணி நேரம். செப்பேடு, கெனிஸா என்றால் ஹீப்ரு எழுத்தும் அரபு அடிப்படையும். இருபதாம் நூற்றாண்டு என்றால் ஜெர்மன். யிட்டிஷ் மீது மனம் போனால், மாசசூசெட்ஸில் உள்ள யிட்டிஷ் புத்தக மையம் மாணவர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சியைக் கட்டணமின்றி நடத்துகிறது. ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு நிறுவனமான யாத் வஷேமின் இணையவழிப் பாடங்களை ஓய்வு நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் அவற்றின் சான்றிதழை விண்ணப்பத்தில் பெரிதாகக் காட்ட வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மூன்று பேராசிரியர்களுக்கு எழுதுங்கள், முப்பது பேருக்கு அல்ல. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அவருடைய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்குத் தோன்றிய ஒரு கேள்வி, நீங்கள் பார்க்க நினைக்கும் ஆவணம் எங்கே இருக்கிறது என்ற தகவல், உங்கள் மொழி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரு வரி. சிறுவயது முதல் யூத வரலாற்றில் ஆர்வம் உண்டு என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள். வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன.